பழசு போயிரும்

நாச்சிமுத்துவின் கல்வீடு முதன்முதலாக நகர்ந்தது ஆவணி மாதத்து உச்சிவெயிலில், ஊரே சோறுண்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில்; விரல் நுழையும் அளவுக்குத்தான் நகர்ந்தது என்பதால் வீடு நகர்ந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கொத்தனார் ரங்கசாமி மட்டும் கரண்டியின் கைப்பிடியை அந்த இடுக்கில் விட்டுப் பார்த்து, "பழைய செவுரும் புதுச் செவுரும் ஒண்ணுக்கொண்ணு மொகங்குடுத்துப் பேசறதுக்குக் கொஞ்ச நாளாகுமுங்க" என்று சொல்லி சிமெண்டுப் பாலைக் கரைத்து ஊற்றினார். மறுநாள் அதே நேரத்துக்குப் பிறகு கை நுழைந்தது. அதற்கும் மறுநாள் ஒரு கோழி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, கொண்டையை ஆட்டிக்கொண்டு போனது.

கல்லாங்காட்டுப்புதூரில் கல்வீடு என்றால் அது ஒன்றுதான். மொட்டக்கரட்டிலிருந்து மாட்டுவண்டிகளில் கொண்டுவந்த கல்; சுவரும் கல், தூணும் கல், தலைக்கு மேலே பாளம் பாளமாகப் பிளந்து அடுக்கியதும் கல். சித்திரை வெயிலிலும் உள்ளே தரை சில்லென்று இருக்கும், ஜன்னல் வழியாக ஒரு பூனை நுழையலாம், அவ்வளவுதான். அந்தக் கரட்டை இப்போது ஜல்லிக்காக உடைத்து உடைத்து, மேடு இருந்த இடம் ஆழக் குழியாகி, குழியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது; ஆனாலும் ஊரார் அந்தக் குழியைத்தான் கரடு என்கிறார்கள், "கரட்டு மேல வெடி வெக்கறாங்க" என்கிறார்கள், மேலே என்று ஒன்று இல்லாமல் போனதை இன்னும் யாருடைய வாயும் கற்றுக்கொள்ளவில்லை.

நாச்சிமுத்து நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான், கல்யாணம் ஆகவில்லை. தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடும் வேலை, இரண்டு மாடு, அம்மா பாவாயம்மா, கல்வீடு. குடியில்லை, சீட்டு இல்லை, ஒருவரிடமும் வம்பில்லை, இருந்தும் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது, "அட்டாச்சுடு பாத்ரூம் இருக்குதுங்களா?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. அதனால்தான் வீட்டை இழுத்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. மேற்குப் பக்கமாக ஒரு அறை, அறையோடு ஒட்டிய குளியலறை, மேலே கான்கிரீட் போட்ட தளம், கீழே வழவழவென்று டைல்ஸ். அறைக்குப் புதிதாக மூன்று சுவர்தான். நான்காவது சுவர் கல்வீட்டின் சுவரே என்று ரங்கசாமி கணக்குப் போட்டார். அதில் ஒரு வாசலை அறுத்துவிட்டால் பழசும் புதுசும் ஒரே வீடு. தளத்துக்குப் போட்ட ஜல்லியும் மொட்டக்கரட்டு ஜல்லிதான், வேறு எங்கே போவது.

தளம் காய்ந்து, டைல்ஸ் ஒட்டி, குழாயில் தண்ணீர் வந்த பிறகு தரகர் ராக்கியப்பன் வெள்ளகோயில் பக்கமிருந்து காளியண்ணன் என்பவரை வீடு பார்க்க அழைத்து வந்தார். அவருடைய மகள் நித்யகலாவுக்குத்தான் பேச்சு. காளியண்ணன் டைல்ஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், தொட்டியில் தண்ணீர் இறங்கும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார், திருப்தியாகி வெளியே வந்தார். கல்வீட்டு வாசற்படியில் பாவாயம்மா உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். காளியண்ணன் அந்தப் பக்கமாக மோவாயை ஒரு எக்கு எக்கிக் கேட்டார்.

"அதெல்லாஞ் சரிங் மாப்ள. இந்தப் பழசு?"

மோவாய் வீட்டைக் காட்டியதா, படியில் இருந்தவளைக் காட்டியதா என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. தரகர் தொண்டையைச் செருமினார். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்கிற கேள்வியும் அல்ல அது.

"பழசு போயிருமுங்க" என்றான்.

"போயிருமுங்களா?"

"போயிருமுங்க."

மொச்சை உரிக்கும் சத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவன் திரும்பிப் பார்த்திருப்பான், பார்த்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். ஆனால் சத்தம் அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு யாரும் பாவாயம்மாவின் வாசலைத் தாண்ட முடியாது. எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான், ஆனால் அவளிடம் அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. பால்காரர் "போறேனுங்க" என்று சைக்கிளைத் தள்ளினால் தெருமுக்கு வரை குரல் கொடுத்துத் திரும்ப வரவழைத்து, "போயிட்டு வர்றேன்னு சொல்லீட்டுப் போ" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். ஆடு வாங்க வந்தவன், ஓட்டுக் கேட்க வந்தவன், கரண்ட் பில் எடுக்க வந்தவன் என்று அத்தனை பேரும் அந்த வாசலில் வர்றேன் சொல்லப் பழகியிருந்தார்கள். அப்படிப்பட்ட வாசலில் நின்றுகொண்டு நாச்சிமுத்து, போயிரும் என்றான். போய்விட்டு வரும் என்று சொல்லவில்லை.

வீடு அன்றைக்கு மறுநாள் நகர்ந்தது.

யாரும் அது நகர்வதைக் கண்ணால் பார்த்ததில்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைப் பார்க்க முடியாததைப் போலத்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கும், கொட்டாவி விட்டுக் கண்ணைத் திறந்தால் ஒரு அடி தள்ளி நிற்கும். உள்ளே அடுப்பில் இருந்த பருப்பு தளும்பவில்லை, உறியில் இருந்த மோர்க்கலயம் ஆடவில்லை. கை நுழைந்த இடுக்கில் ஆள் நுழைய முடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டார்கள், பெண்கள் இரண்டு சுவருக்கும் நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள், கயிறு தினமும் அறுந்தது, தினமும் கொஞ்சம் நீளமான கயிறாகக் கட்டினார்கள். ஊரார் அதற்கு நாச்சிமுத்து சந்து என்று பெயர் வைத்தார்கள். சந்து அகன்று தெருவானது, தெருவில் பால்வண்டி போனது, அந்த வழி தங்களுக்கு எப்போதுமே இருந்ததாக வண்டிக்காரர் ஒருவர் பஞ்சாயத்தில் சாதித்தார்.

மின்சார ஊழியர் வந்து பார்த்தார். மீட்டர் கல்வீட்டில் இருந்தது, கம்பி வில் நாண் மாதிரி விறைத்து நின்றது. "மீட்டர் ஓடறதுக்குத்தானுங்க நாங்க பொறுப்பு, வீடு ஓடறதுக்கில்ல" என்று சொல்லிக் கம்பியை நறுக்கிவிட்டுப் போனார். பாவாயம்மா சிம்னி விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

வீடு ஏன் போகிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்கே போகிறது என்றுதான் கேட்டார்கள். அதுவும் நான்கைந்து நாளில் தெரிந்துபோயிற்று. கிழக்கே, நேர்கோடாக, மொட்டக்கரட்டைப் பார்த்துப் போனது. வழியில் தெய்வாத்தாவின் கடலைக்காடு. "என்ற காட்டுக்குள்ள ஆரு வீட்டக் கொண்டாந்து நிறுத்துனது? கொடி நசுங்குது!" என்று அவள் முதல் நாள் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு வந்தாள், இரண்டாம் நாள் அதே வீட்டின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து பாவாயம்மாவோடு கடலை ஆய்ந்தாள், வீடு அவள் காட்டைத் தாண்டி அடுத்த வரப்பை ஏறியபோது, "விருந்துக்கு வந்த ஒறம்பரை சொல்லாமக் கொள்ளாமப் போன மாதிரி இருக்குது" என்று மூக்கைச் சிந்தினாள். வீடு நின்ற இடத்தில் கொடிகள் நசுங்கியிருக்கவில்லை, வெளுத்திருந்தன.

"ஏனுங்க அம்மணி, வீட்டுக்குள்ள இருக்கறதுக்குப் பயமா இல்லீங்களா?" என்று வரப்பில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"எனக்கென்ன பயம், ஓட்டறது நானா? எம் பையன் போகச் சொன்னான், அது போகுது. சொன்ன பேச்சுக் கேக்கற ஒரே சீவன் இந்த வீட்டுல அதுதான்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நாச்சிமுத்து மதியச் சோற்றுக்கு வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக நடந்து வருவான். சிரிப்புச் சத்தம் கேட்டால் வரப்பிலேயே நின்றுவிடுவான், அவர்கள் போன பிறகு வருவான்.

"அம்மா, எறங்கி வா. புது ரூம்ல இரு."

"அங்க எனக்கென்ன வேலை கண்ணு? அது மருமக வர்ற எடம்."

"அன்னிக்கு நாஞ் சொன்னது வீட்டத்தாம்மா. நீ கேட்டயா?"

"எனக்குக் காது நல்லாத்தாங் கேக்குது" என்றாள் பாவாயம்மா. "சோறு உங்கறயா, ரசம் ஊத்தட்டா?"

வீட்டின் முன்னால் போய் நின்று அவன் சொல்லிப் பார்க்காமல் இல்லை. போகாதே என்றான், திரும்பி வா என்றான், மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கை மடித்துக்கூடக் கூப்பிட்டான். கல் கேட்டது மாதிரியே இருந்தது, கண்ணை இமைத்தால் ஒரு அடி தள்ளி இருந்தது. டீக்கடை பழனியப்பன்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நீ வீட்டுகிட்டச் சொன்னா அது எப்படிக் கேக்கும்? நீ சொன்னது வெள்ளகோயில்காரர்கிட்ட. ஆரு முன்னால பேச்சுக் குடுத்தியோ அவங்க முன்னாலதான் திருப்பி வாங்கோணும். நம்மூர்ல காடு வெல பேசுனாலும் அப்படித்தான், பொண்ணு பேசுனாலும் அப்படித்தான். இது என்ன புதுசா?"

"அவர்கிட்டப் போயி, பழசு போகாதுங்கன்னு சொல்லோணுமா?"

"ஆமா."

"அப்பறம் பொண்ணு?"

பழனியப்பன் டீயை உயரத் தூக்கி ஆற்றினார். "டீ ஆறிப்போகுது, குடி" என்றார்.

அவன் பஸ் ஏறினான். வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே போனான், பழசு போகாதுங்க, பழசு போகாதுங்க என்று, பக்கத்து சீட்டுக்காரர் ஒதுங்கி உட்காரும் அளவுக்கு. காளியண்ணன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். உட்கார வைத்து, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு, அவன் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"குடுத்த வாக்கக் காப்பாத்தற மனுசன் இந்தக் காலத்துல எத்தன பேரு மாப்ள இருக்கறாங்? பழசு போயிரும்னீங்க, போயிக்கிட்டே இருக்குது. எங்கூர்ல எல்லாம் இதே பேச்சு, அப்பேர்ப்பட்ட எடம் கெடச்சிருக்குதுன்னு. எனக்கு வேறெந்தக் கொறையும் இல்லீங். அந்த ரூமுக்கு ஒரு பக்கம் செவுரில்லாம நிக்குதாம்ல, அத மட்டும் வெச்சுருங். ஐப்பசியில மூர்த்தம்."

சுவர் என்றதும் வழியெல்லாம் சொல்லிவந்த வரி அவனுக்கு நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தான். அப்போது உள்ளேயிருந்து நித்யகலா காபி கொண்டுவந்து வைத்தாள். நீலச் சுடிதார், கையில் கழற்றிவைத்த கடிகாரத்தின் வெயில்படாத வெள்ளைத் தடம். நிமிர்ந்து பார்த்து, "சக்கர போதுங்களா?" என்று கேட்டாள்.

அம்மாவைத் தவிர வேறொருத்தி அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அவன் ஒரு வாய் குடித்தான். சர்க்கரை போதவில்லை.

"போதுமுங்க" என்றான்.

அதற்குப் பிறகு அந்த வரி வாய்க்கு வரவில்லை. சரிங்க என்றான், ஐப்பசிங்களா என்றான், எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம் தப்பாமல், "போயிட்டு வர்றேனுங்க" என்றான்.

ரங்கசாமி நான்காவது சுவரைத் தொடங்கினார். முழங்கால் உயரம் வரை ஏற்றியபோது நாச்சிமுத்து அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். சுவரில்லாத அந்தப் பக்கம் வழியாகக் கடலைக்காடும் அதைத் தாண்டிச் சோளக்காடும் அதற்கும் அப்பால் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கல்வீடும் தெரிந்தன, வீட்டின் மேலிருந்து நூல்போலப் புகை போனது. அம்மா காலைச் சமையல் செய்கிறாள் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு வரிசை வைத்தால் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது, அதற்கு மேல் வைத்தால் நின்றாலும் தெரியாது.

"மிச்சத்த நாளைக்கு வெச்சுக்கலாங்க" என்றான்.

மறுநாளும் நாளைக்கு என்றான். அதற்கு மறுநாளும். ரங்கசாமி கலவையைக் குழைப்பார், காத்திருப்பார், கலவை கெட்டிப்படும், கொட்டிவிட்டுப் போவார். "பொம்பளையா இருந்தா மாசமா இருக்குதுன்னு நெனச்சுக்குவனுங்க, நாளத் தள்ளிக்கிட்டே போறதுக்கு" என்று கிண்டலடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் ஒருநாள் கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு முத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். சுவர் முழங்கால் உயரத்தில் நின்றது. அதன்மேல் கோழிகள் ஏறி நின்று அறைக்குள் எட்டிப் பார்த்தன. மழை வந்தால் சாரல் டைல்ஸ் முழுக்க அடித்தது. ஐப்பசி வந்தது, காளியண்ணன் ஆளனுப்பினார், "செவுரு ஆச்சுங்களா?" என்று. நாச்சிமுத்து இன்னும் கொஞ்சம் என்றான். ஐப்பசி போனது.

கார்த்திகையில் தரகர் ராக்கியப்பன் வந்து முழங்கால் சுவரின்மேல் உட்கார்ந்தார்.

"அவங்க வேற எடம் முடிச்சுட்டாங்கப்பா. திருப்பூர்ல கம்பெனிக்காரப் பையன். ஒரு செவுரு. ஒரே ஒரு செவுரு. உன்னய என்னத்தச் சொல்றது?"

அவனுக்கு வந்த முதல் நினைப்பு துக்கமல்ல, அதை அவனே வெட்கத்தோடுதான் உணர்ந்தான். இனி அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம், இழக்க ஒன்றுமில்லை, அம்மாவைத் திருப்பிவிடலாம் என்பதுதான் அந்த நினைப்பு. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

காளியண்ணன் வீட்டு முன்னால் பந்தல்கால் நட்டிருந்தார்கள். அவர் யாரிடமோ நாற்காலிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மூச்சு வாங்க நின்று, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னான்.

"பழசு போகாதுங்க. நான் சொன்னது தப்புங்க. அது போகாது."

காளியண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை. யாரோ முகவரி தப்பி வந்தவரிடம் பேசுகிற மரியாதை இருந்தது.

"சரிங் தம்பி" என்றார். "இருந்தா இருந்துட்டுப் போகுது. அத எங்கிட்ட எதுக்குங் சொல்றீங்க?"

தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை என்று கூப்பிட்ட மனிதரிடம் கொடுத்த பேச்சு அது. அந்த மனிதர் இப்போது இல்லை. இவர் பந்தலுக்கு நாற்காலி இறக்கும் வேறொருவர், இவரிடம் எதைச் சொன்னாலும் எங்கேயும் போய்ச் சேராது.

அவன் திரும்பி வந்தபோது வீடு குவாரியின் கம்பிவேலியைத் தாண்டியிருந்தது. வேலி அறுந்திருக்கவில்லை.

குவாரிக்காரர்கள் அன்றைக்கு வெடியை நிறுத்தி வைத்தார்கள். ஊர் முழுக்க வேலிக்கு வெளியே வந்து கூடியது. ஐஸ்காரர் வந்தார், தெய்வாத்தா வறுத்த கடலையை முறத்தோடு கொண்டுவந்தாள், பழனியப்பன் பாய்லரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கரடு இருந்த காலத்தில் கல்வீட்டின் கற்கள் எந்த முகட்டிலிருந்து உருண்டு வந்தனவோ அந்த முகட்டைத் தேடித்தான் வீடு வந்திருந்தது. முகடு இல்லை, அது ஜல்லியாகிப் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாச்சிமுத்துவின் புது அறைத் தளத்துக்கும் போய்விட்டிருந்தது. இருந்தது குழியும், குழிக்குள் பச்சைத் தண்ணீரும். வீடு விளிம்பில் நின்றது. கடைசியாக ஒருமுறை முகம் திருப்பியதுபோல முன்வாசல் இப்போது ஊரைப் பார்த்திருந்தது.

பாவாயம்மா வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள். நாச்சிமுத்து வேலிக்கு அடியில் புகுந்து, கையைக் கிழித்துக்கொண்டு, படிக்கு முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, எறங்கி வா. பொண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாம் போச்சு. நீ வா."

"போச்சா?" என்றாள். அவன் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். "அந்தப் புள்ள நல்ல புள்ளயா?"

"சக்கர போதுமான்னு கேட்டுச்சும்மா."

"நீ போதும்னிருப்ப."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்கு எப்பவும் ரெண்டு கரண்டி வேணும்" என்றாள். "கேட்டு வாங்கத் தெரியாது. வெசனப்படாத சாமி, ஆருமேலயும் வெசனமில்ல எனக்கு. நீ அக்கட்டால போயி நில்லு, மண்ணு சரியுது."

அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். கை வந்தது, தோள் வந்தது, கால்கள் வரவில்லை. படியின் கல்லோடு கல்லாக நின்றன. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் கல்லில் உட்கார்ந்து எழுந்தவள், எங்கே அது முடிகிறது, எங்கே இவள் தொடங்குகிறாள் என்று தெரியாதபடி ஆகியிருந்தாள். அவன் விட்டுவிட்டு வேலிப்பக்கம் பின்னால் நடந்தான், கண்ணை இமைக்காமல், இமைத்தால் நகர்ந்துவிடும் என்று. ஊரும் இமைக்காமல் பார்த்தது. கொஞ்ச நேரம் எல்லாருடைய கண்களும் சேர்ந்து அந்த வீட்டைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தன. ஆனால் அது உச்சிவெயில், தண்ணீரின் பளபளப்பு கண்ணில் அடித்தது, எவ்வளவு நேரம்தான் முடியும்.

வாசற்படியில் நின்ற பாவாயம்மா கையை உயர்த்தினாள்.

"போறேன் கண்ணு" என்றாள்.

நாச்சிமுத்து இமைத்தான்.

தண்ணீர் தெறிக்கவில்லை. குழியில் நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்து, அசைவு அடங்கியது. மறுநாள் முதல் குவாரியில் வழக்கம்போல வெடி வைத்தார்கள், ஊரார் மாட்டைத் தண்ணிக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கடலைக்காட்டில் வெளுத்த இடம் அடுத்த மழையில் பச்சையாயிற்று. நாச்சிமுத்து மூன்று சுவர் அறையில் இருக்கிறான், முழங்கால் சுவரைப் பார்த்துப் போட்ட கட்டிலில். யாராவது சொன்னால் நாளைக்கு வைக்கலாம் என்கிறான்.

அந்த வழியாகப் போகிறபோது தெய்வாத்தாவும் பழனியப்பனும் அவனுக்கு ஆறுதல் சொல்வார்கள். அம்மணி போயிட்டு வர்றேன்னுதான் சொல்லியிருப்பாங்க, வேலிக்கிட்ட அத்தன சனம், ஐஸ்காரன் மணி வேற, உனக்குச் சரியாக் கேட்டிருக்காது என்பார்கள். அவன் ஆமாங்க, இருக்குமுங்க என்பான்.

நாச்சிமுத்துவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.